ஜோடி பிரிந்த ஸ்பீக்கர்

எழில் காபியைத் தொடவே இல்லை. வாசல் தெரிகிற மாதிரி நாற்காலி தேடி ஏற்கெனவே ஒரு முறை இடம் மாறியிருந்தாள். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்தக் கடையை அவள்தான் சொல்லியிருந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகிற இடம், சொந்தக்காரர் எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று கணக்கு.

தேவிப்ரியா அவளை அவசரப்படுத்தவில்லை. பயந்துபோய் வருகிறவர்கள் தாங்களாக ஆரம்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதைத் துப்பறியும் தொழில் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. அவளுடைய உதவியாளன் சாகிலுக்குத்தான் பொறுமை கிடையாது. மெனு கார்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, இதில் மனுஷன் சாப்பிடுகிற ஐட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டான். எழிலுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு பேச்சும் வந்தது.

எழிலும் மணிவேலும் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பதிவு அலுவலக வாசலிலேயே அவள் அண்ணன் விமல்ராஜ் ஆட்களோடு வந்து மணிவேலின் பைக்கை உடைத்தான். எங்கே போனாலும் தேடி வந்து வெட்டுவேன் என்று தெருவே கேட்கச் சொன்னான். அன்று தொடங்கியது ஓட்டம். செங்கத்தில் குடியேறினார்கள், சில வாரத்தில் தெருமுனையில் அண்ணனின் வெள்ளைக் கார் நின்றது. போளூருக்கு ஓடினார்கள், அங்கேயும் வந்தது. ஆரணிக்குப் போனார்கள். போன வாரம் அங்கேயும் வந்தது. பின்னால் வருகிற காரைப் பார்த்த பதற்றத்தில் மணிவேல் பைக்கைச் சாக்கடைப் பள்ளத்தில் விட்டு, கையை முறித்துக்கொண்டான். இப்போது வேறு ஊர். எந்த ஊர் என்று தேவிப்ரியாவிடமும் அவள் சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் புது முகவரி ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவள் அப்பா ராமகிருஷ்ணனுக்கு. விமல்ராஜின் வீட்டில்தான் இருக்கிறார். காது மந்தம். மத்தியானம் மகன் கடையிலும் மருமகள் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற நேரம் பார்த்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளைக் கூப்பிடுவார். அந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எழிலின் போன் அணைந்தே கிடக்கும்.

"அப்பாதான் அண்ணன்கிட்ட சொல்றாரானு தெரியணும்ங்க," என்றாள் எழில். "போலீஸ், கேஸ் எல்லாம் அப்புறம். அவர்தான்னா, இனிமே அவருக்கும் நான் கிடையாது."

நாளை மத்தியானம் வரை பொறுப்பதாகச் சொன்னாள். அப்போது போனைப் போட்டதும் தேவிப்ரியாவிடமிருந்து பதில் வராவிட்டால், அப்பாவிடம் கடைசியாக ஒரு முறை பேசிவிட்டு நம்பரை மாற்றிவிடுவாளாம். எழுந்து போகும்போது அண்ணனின் வேங்கிக்கால் வீட்டைப் பற்றியும் ஒன்று சொன்னாள். சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் ஸ்பீக்கர் பதித்த வீடு. புதிதாக வீடு கட்டுகிறவர்களை அந்த ஸ்பீக்கர்களை விற்ற கடைக்காரர் அங்கேதான் அனுப்பிப் பார்த்துவரச் சொல்கிறார். விமல்ராஜுக்கு அதைக் காட்டிப் பெருமையடிப்பதில் அலுப்பே கிடையாது.

அவள் போனதும் தேவிப்ரியா சாகில் பக்கம் திரும்பினாள்.

"நான் வீடு கட்டப் போறேன். நீ இன்டீரியர் டிசைனர்."

"என் ரூமை ஒரு தடவை பாத்தீங்கன்னா அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிடுவீங்க மேடம்."

மறுநாள் காலையில், ஸ்பீக்கர் கடை வேணு போனில் சொல்லிவைத்திருந்ததால், விமல்ராஜே கேட்டைத் திறந்துவிட்டான். ஆள் வாட்டசாட்டம். டைல்ஸ் கடை வைத்திருப்பவன். தங்கையின் புருஷனை வெட்டுவேன் என்று தெருவில் கத்தியவன் இவன்தானா என்று தேவிப்ரியாவுக்குச் சந்தேகம் வருகிற அளவுக்கு மரியாதையாகப் பேசினான்.

ஹாலில் தொடங்கினான். டிவிக்கு இரண்டு பக்கமும் சுவருக்குள் நீள ஸ்பீக்கர்கள், சோபாவில் உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு. படம் பார்க்கிற இடத்துக்குச் சுவர்தான் சரி என்றான். பேசுகிறவன் வாய் எதிரில் இருக்கும்போது சத்தம் உச்சந்தலையில் இறங்கினால் எப்படி இருக்கும்? சமையல்கட்டு, சாப்பிடுகிற இடம், பூஜை அறை, இங்கெல்லாம் பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குக் கூரை. பாத்ரூமுக்கு ஈரம் தாங்குகிற ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன்னாலேயே ஒயர் இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு கூரையைக் குடைய வேண்டியிருக்கும். வலை மூடிக்குக் கூரை நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிட்டால் ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது. போனில் தட்டினான். எங்கிருந்து என்று தெரியாமல் நாதஸ்வரம் அறை முழுக்க நிறைந்தது.

சாகில் டேப்பை இழுத்துப் பிடித்து எதையோ அளந்துகொண்டே, பாத்ரூமில் பாடுகிற பழக்கம் இருக்கிறவர்களுக்கு இது போட்டியாகிவிடாதா என்று கேட்டான். விமல்ராஜ் மனம் விட்டுச் சிரித்தான்.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க," என்றான் தேவிப்ரியாவிடம். "எங்க வெச்சாலும் ரெண்டா வைங்க. ஒண்ணே ஒண்ணு வெச்சா பாதிப் பாட்டுதான் கேக்கும். ஜோடியாத்தான் விப்பாங்க, ஜோடியாத்தான் வைக்கணும்."

கடைசியாக ராமகிருஷ்ணனின் அறை. கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாகில் வணக்கம் சொன்னான். இப்போதுதான் காபி குடித்தேன், வேண்டாம் என்றார் அவர். கட்டில் தலைமாட்டில் ஒரு சின்ன மேஜை, அதில் பட்டன் போன் சார்ஜில் கிடந்தது. தேவிப்ரியா மேலே பார்த்தாள். மேஜைக்கு நேர் மேலே, கூரையில் வட்டமாக ஒரு வலை மூடி. கூரை வெளிர் மஞ்சள். மூடி மட்டும் பளிச்சென்ற வெள்ளை. அந்த அறையில் வேறு ஸ்பீக்கர் இல்லை.

"இங்க ஒரு பாட்டு போட்டுக் காட்டுங்களேன்," என்றாள்.

விமல்ராஜின் கட்டைவிரல் போன் மேல் நின்றுவிட்டது. அது சும்மா வைத்தது, இன்னும் லைன் கொடுக்கவில்லை என்றான். இவ்வளவு நேரம் ஒரு ஸ்குரூ ஆணியைக்கூட விடாமல் விளக்கியவன் அவசரமாக அறையை விட்டு வெளியே நடந்தான். வெளிப்புறமாக மாடிக்குப் போகிற படியைக் காட்டி, மேலே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, பழைய சாமான் என்றான். கடைக்கு நேரமாகிவிட்டது என்று கேட் வரை கொண்டுவந்து விட்டான்.

தெரு திரும்பியதும் சாகில் ஸ்கூட்டரை ஓரங்கட்டினான்.

"காது கேக்காத அப்பாவுக்கு ஸ்பீக்கர் வெச்சிருக்காரு. அதுவும் ஒத்தை. இது பாசமா, கஞ்சத்தனமா மேடம்?"

"ஜோடியாத்தான் விப்பாங்கனு அவரே சொன்னாரு இல்ல," என்றாள் தேவிப்ரியா. "அப்ப இதோட ஜோடி எங்க?"

தேரடித் தெருவில் இருந்த வேணுவின் கடை முழுக்க அட்டைப்பெட்டிகள். வேணு கலகலப்பான மனிதர். வீடு எவ்வளவு பெரிசு, கூரை எவ்வளவு உயரம், எந்த அறையில் யார் இருப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டே மாடல்களை எடுத்து வைத்தார். தேவிப்ரியா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எங்கள் அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, அவர்கள் அறைக்கும் கூரையில் ஒன்று வேண்டும், ஒன்று போதும் என்றாள்.

வேறு கடைக்காரராக இருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார். வேணு அதைக் கேட்கவில்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"அத யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

"எதை?" என்றாள் தேவிப்ரியா.

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு மறைக்கவில்லை. தேவிப்ரியா தான் யார் என்று சொல்லவும், பாதி பயத்திலும் பாதி நிம்மதியிலும் எல்லாவற்றையும் கொட்டினார். ஸ்பீக்கருக்குள் இருக்கிற கூம்பு அதிர்ந்தால் சத்தம் வருகிறது. அதையே திருப்பிப் போட்டால், எதிரில் யாராவது பேசும்போதும் அந்தக் கூம்பு லேசாக அதிரும். நடுவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வைத்து இன்னொரு ஸ்பீக்கரோடு இணைத்தால், இந்த அறையில் பேசுவது அந்த அறையில் கேட்கும். வேலை நடந்த சமயத்தில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் விமல்ராஜிடம் சொன்னாராம். கிரகப்பிரவேசம் முடிந்து கொஞ்ச நாளில் அவன் திரும்பி வந்தான். அப்பா தனியாக இருக்கிறார், விழுந்து கிழுந்து வைத்தால் தெரிய வேண்டும் என்றான். தானே மாட்டிக்கொள்வதாகச் சொல்லி ஒரு ஜோடி வாங்கிப்போனான்.

"நல்ல மனசுனு நெனச்சேங்க," என்றார் வேணு. "வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்கனு அவரு சொன்னப்பதான் உறுத்துச்சு."

இன்னொன்றை எங்கே வைத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று நினைவிருந்தது. வெயில் மழை தாங்குகிற ஒயராகக் கேட்டானாம்.

"வீட்டுக்குள்ள எதுக்கு மழை பெய்யப் போவுது?" என்றான் சாகில்.

தேவிப்ரியா அதற்குள் போனை எடுத்திருந்தாள். அப்பா சொல்லவில்லை, அப்பாவுக்கே தெரியாது என்ற இரண்டு வார்த்தை எழிலுக்குப் போய்ச் சேர வேண்டும். நம்பர் அணைந்திருந்தது. திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே, வேங்கிக்கால் வீட்டுக்குப் போக ஸ்கூட்டரில் ஏறினாள். கலெக்டர் ஆபீஸ் தாண்டும்போது அணைந்திருந்த நம்பர் உயிர்பெற்றது. ஆனால் லைன் பிஸி. அப்பாவும் மகளும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

விமல்ராஜின் வெள்ளைக் கார் வீட்டு வாசலில் இல்லை. பக்கத்துத் தெருவில் புங்க மரத்தடியில், யாருடையதோ போல நின்றிருந்தது. கேட் தாழிடவில்லை. உள்ளே ராமகிருஷ்ணன் உரக்கப் பேசுவது சாத்திய ஜன்னலைத் தாண்டிக் கேட்டது. சாகில் அவள் தோளைத் தொட்டு வெளிச்சுவரைக் காட்டினான். அந்த அறையின் சீலிங் உயரத்தில் ஒரு துளை. அதிலிருந்து சாம்பல் நிற ஒயர் ஒன்று மழைநீர்க் குழாயை ஒட்டி மாடிக்கு ஏறிப் போயிற்று.

இருவரும் படியேறினார்கள். மேல் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. பழைய சாமான் எதுவும் இல்லை. வெளிர் ஊதா நிறம் அடித்த அறை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு டிரஸ்ஸிங் டேபிள். இன்னும் குடியேறாத ஒரு பெண்ணின் அறை.

விமல்ராஜ் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கூரையில் இருக்க வேண்டிய வட்ட ஸ்பீக்கர் சுவரில், உட்கார்ந்தவன் காதுக்கு எட்டும் உயரத்தில் பதிந்திருந்தது. அதன் மேல் காதை வைத்துக் கண்ணை மூடியிருந்தான்.

சுவருக்குள்ளிருந்து இரண்டு குரல்களும் வந்தன. ராமகிருஷ்ணன் போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் போல; எழிலின் குரலும் தெளிவாகவே கேட்டது. மாப்பிள்ளைக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். கட்டுப் போட்டிருக்கிறது என்றாள். வீடு கட்டுகிறீர்களா, எந்தத் தெருவில் என்றார் அவர். வீடு இல்லைப்பா, கைக்கட்டு என்றாள் அவள். விமல்ராஜின் உதட்டில் சிரிப்பு வந்து போயிற்று. போனில் படம் பிடிக்கப் போன சாகில் கையைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"அப்பா, நான் இனிமே பேச மாட்டேன்," என்றது எழிலின் குரல்.

"என்னாம்மா?"

"இனிமே போன் பண்ணாதீங்கப்பா."

"கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லு."

அவள் சத்தமாகச் சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது. விமல்ராஜ் கண்ணைத் திறந்தான். எதிரில் நிற்கிறவர்களைப் பார்த்தான். பாய்ந்து வருவான் என்று தேவிப்ரியா ஓர் அடி பின்வாங்கினாள். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க," என்றான். "பாத்துட்டு வரத்தான் போனேன்."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் அவசர அவசரமாகச் சொன்னான். ஸ்பீக்கரை வைத்தது முகவரியைப் பிடிக்கத்தான். செங்கத்துக்குப் போன முதல் நாள் காரில் கத்தி இருந்தது. ஆனால் அதற்கு முன்பே தினமும் அவள் குரலைக் கேட்டாகிவிட்டது. அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று அவள் அப்பாவிடம் விசாரித்ததையும் கேட்டாகிவிட்டது. தெருவில் காய்கறிக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் கை கதவைத் திறக்கவில்லை. அப்புறம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு, இறங்கிப் போய்ப் பேசவும் முடியவில்லை. இந்த அறையே அவளுக்காகக் கட்டியது.

"போன வாரம்?" என்றாள் தேவிப்ரியா.

"அவன் விழுந்ததைப் பாத்தேன். எறங்கினா இன்னும் பயந்துடுவான்னு வந்துட்டேன்."

"கை ஒடிஞ்சு பள்ளத்துல கெடந்தவர விட்டுட்டு."

சுவருக்குள் எழிலின் குரல், வைக்கிறேன்பா என்றது. அவ்வளவுதான், விமல்ராஜ் துள்ளி எழுந்து படியில் ஓடினான். வேண்டாம் என்று தேவிப்ரியா கத்தியது அவன் காதில் விழவில்லை. அவள் கீழே வருவதற்குள் அப்பாவின் அறைக் கதவைத் தள்ளித் திறந்து, மேஜை மேல் இருந்த போனுக்கு முன்னால் குனிந்திருந்தான்.

"எழில், நான்தான்மா..."

போனில் மூச்சை இழுக்கிற சத்தம் ஒன்று கேட்டது. லைன் அறுந்தது.

அந்தப் பெண் இப்போது என்ன நினைத்திருப்பாள்? இத்தனை நாளும் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அப்பா பேசியிருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பாள். காலையில் அந்த வெள்ளை மூடியைப் பார்த்த உடனேயே முடிச்சை அவிழ்த்திருந்தால், ராமகிருஷ்ணன் மகளைக் கூப்பிடும் முன்பே இங்கே வந்து சேர்ந்திருக்கலாம். அரை நாள் தாமதம் ஒரு தகப்பனைத் துரோகி ஆக்கிவிட்டது. தேவிப்ரியா எழிலின் நம்பரை அடித்துப் பார்த்தாள். அணைந்திருந்தது.

ராமகிருஷ்ணன் மகனையும் இந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விமல்ராஜ் கூரையைக் காட்டி முணுமுணுத்தான். என்ன என்று கேட்டார். ஒட்டுக் கேட்டேன்பா என்றான். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லு என்றார். அவன் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினான். அதுவும் எட்டவில்லை. கடைசியில் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான்.

"நீங்க பேசினதெல்லாம் ஒட்டுக் கேட்டேன்பா. நான்தான் அவங்கள ஓட ஓட வெரட்டிக்கினு இருந்தேன்."

எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. ராமகிருஷ்ணன் கூரையில் இருந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே உட்கார்ந்து, மகள் சொன்ன ஒவ்வொரு தெருப் பெயரையும் சரிதானா என்று தானே உரக்கத் திருப்பிச் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சிறுத்துப்போன மாதிரி இருந்தது.

தேவிப்ரியா அவர் காதருகே போய், எழில் அனுப்பித்தான் வந்தேன், அவளை உடனே பார்க்க வேண்டும், முகவரி சொல்லுங்கள் என்றாள். விமல்ராஜ் முந்திக்கொண்டான். எனக்குத் தெரியும், வந்தவாசியில் இந்தத் தெரு, இந்தக் கடைக்கு எதிர் சந்து என்று ஒப்பித்தான். காரை எடுக்கிறேன், நானே கூட்டிப்போகிறேன் என்றான்.

ராமகிருஷ்ணன் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்னு அதுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார் தேவிப்ரியாவிடம். "உங்களுக்கும்தாம்மா. வேணும்னா நானே வர்றேன்."

சட்டையை எடுத்து மாட்டினார். மகன் நீட்டிய கார் சாவியை வாங்கவில்லை. தேவிப்ரியா விமல்ராஜிடம் சுருக்கமாகத்தான் சொன்னாள். நடந்தது முழுக்க எழிலுக்குச் சொல்லப்படும். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அதுவரை அந்தக் கார் இந்த ஊர் எல்லையைத் தாண்டினால் புகாரைத் தானே எழுதிக்கொடுப்பதாகச் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து நின்றான். மன்னிப்பு அவன் கேட்கவும் இல்லை, அதைக் கொடுக்கிற இடத்தில் அவள் இருக்கவும் இல்லை.

வந்தவாசி பஸ்ஸில் ராமகிருஷ்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கி ஆட்டோ பிடித்த பிறகும் தெருப் பெயர் சொல்லவில்லை. மகள் போனில் சொல்லியிருந்த அடையாளங்களைத் தேடி, ஒவ்வொரு திருப்பத்திலும் கையை மட்டும் நீட்டினார். டிரைவர் எரிச்சலானான். ஐயா வாய்க்கு லைன் கொடுக்கவில்லை, கையைப் பார்த்து ஓட்டு என்று சாகில் சமாதானம் சொன்னான். சொன்ன வேகத்திலேயே, அது சிரிக்கிற நேரமில்லை என்று அவனுக்கே பட்டுவிட்டது.

சந்துக்குள் ஒரு பச்சைக் கதவு. ராமகிருஷ்ணன் தட்டினார். உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. மறுபடி தட்டினார்.

"அப்பாதாம்மா," என்றார். அவருக்கு அது மெதுவாகச் சொன்னதுதான். சந்து முழுக்கக் கேட்டது.

கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. எழிலின் முகம் பாதி தெரிந்தது. அழுது வீங்கிய கண்கள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தாண்டி, தேவிப்ரியாவைத் தாண்டி, சந்து முனைக்குப் போயின. அங்கே வந்து திரும்புகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தாள். ஒரு கார் வந்தது. அது சிவப்பு. அது போகும் வரைக்கும் பார்த்தாள்.

தேவிப்ரியா பேச வாயெடுத்தாள். ராமகிருஷ்ணன் கையமர்த்தி அவளைத் தடுத்தார். கொஞ்சம் ஒதுங்கி, மகளுக்குத் தெரு முழுசாகத் தெரிகிற மாதிரி சுவரோரமாக நின்றுகொண்டார்.

"நல்லாப் பாத்துக்கம்மா," என்றார். "பாத்துட்டே தொற. நான் நிக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சங்கிலி விலகியது.